ஒண்ணாம் நம்பர் ஆகணுமா பேராண்டி?

ஏலே பேராண்டி, வா, இப்படித் திண்ணையில உக்காரு. நீயும் உன் சேக்காளியும் சேந்து பாட்டுக் குழு ஆரம்பிக்கப்போறீகளாமே. இன்னும் ஒரு பாட்டுகூடக் கட்டி முடிக்கல, அதுக்குள்ள யாரு பேரு முன்னால வரணும், யாரு படம் பெருசா இருக்கணும்னு ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் திரியிறீகளாம். உங்க அம்மா வந்து கண்ணக் கசக்குனா. "விடு தாயி, பய சரியான பாதையிலதான் போறான்"னு சொல்லி அனுப்பிவிட்டேன்.

மெய்யாத்தான் சொல்றேன். பாட்டு எப்ப வேணாலும் கட்டிக்கிடலாம். சண்டைய அப்படித் தள்ளிப்போட முடியுமா? உங்க சாமர்த்தியத்துல கால்வாசி இருந்திருந்தா, இங்கிலாந்துல ரெண்டு பயலுக 23 வயசுல கடையச் சாத்திட்டுப் போயிருக்க மாட்டானுக. ‘வாம்!’னு ஒரு குழு. ஜார்ஜ் மைக்கேல் ஒருத்தன், ஆண்ட்ரூ ரிட்ஜ்லி ஒருத்தன். 1984 ஜூனுக்கும் 1986 ஜூனுக்கும் நடுவுல அந்த நாட்டுல நாலு பாட்டு ஒண்ணாம் நம்பர். என்ன பிரயோசனம்? நீ பெரியவனா நான் பெரியவனான்னு ஒரு தடவகூட ஊரறிய அடிச்சுக்கிடல. பொழைக்கத் தெரியாத பயலுக.

இந்தக் கெழவனுக்கு வெள்ளக்காரன் பாட்டு எப்படித் தெரியும்னு முழிக்காத. 2023ல அவனுக கதைய நெட்ஃபிளிக்ஸ்ல படமா விட்டானுக. உன் அக்கா அதப் போட்டுட்டுத் தூங்கிப்போனா. நான் தூங்கல. மறுநாள்ல இருந்து அவளப் பிடுங்கி எடுத்து மிச்சத்தையும் தெரிஞ்சுக்கிட்டேன். ஒண்ணாம் நம்பர் ஆகணும்னா என்னென்ன செய்யக்கூடாதுன்னு அவனுகளப் பாத்துத்தான் படிக்கணும். சொல்றேன், மனசுல முடிஞ்சு வச்சுக்கோ.

மொத யோசன: உன்னவிடக் கெட்டிக்காரன எந்தக் காலத்துலயும் கூட்டாளியாச் சேக்காத.

ஆண்ட்ரூ பய அங்கதான் வழுக்குனான். 1975. லண்டனுக்கு வடக்க ஹெர்ட்ஃபோர்ட்ஷயர்ல புஷின்னு ஒரு ஊரு. அங்க புஷி மீட்ஸ் பள்ளிக்கூடத்துக்குப் புதுசா ஒரு பய வந்து நிக்கிறான். பூசுன உடம்பு, மூஞ்சிய மறைக்கிற கண்ணாடி, யாரு வாயிலயும் நுழையாத பேரு: ஜார்ஜியோஸ் கிரியாகோஸ் பனாயியோட்டூ. அப்பன் சைப்ரஸ்ல இருந்து வந்து சாப்பாட்டுக் கடை நடத்துற மனுசன். "இந்தப் பயல யாரு கூட வச்சுப் பாத்துக்கிடுவீக?"ன்னு கேட்டதும் ஆண்ட்ரூ கையத் தூக்கிட்டான். அன்னிக்கு வகுப்புல அழகன் அவன்தான், துணிமணிக்குப் பேரெடுத்தவன் அவன்தான், எதுக்கும் துணிஞ்சவனும் அவன்தான். பேசாம ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்திருக்கலாம்ல?

அதோட விட்டானா? "படிப்பு கெடக்கட்டும், வா குழு ஆரம்பிப்போம்"னு புடிச்சு இழுத்தவனும் அவனே. ‘தி எக்ஸிக்யூட்டிவ்’னு ஒண்ணு ஆரம்பிச்சு, அது ஊத்திக்கிச்சு. அப்புறம் ஆண்ட்ரூ வீட்டு நடுக்கூடத்துல நாலு தடத்துல பதிவு பண்ற ஒரு சின்ன எந்திரத்த வச்சுக்கிட்டு மாதிரிப் பாட்டுகள எடுத்தானுக. எடுக்க எடுக்கத்தான் தெரியுது, மெட்டுக் கட்டுறதுலயும் குரல்லயும் அந்தக் கண்ணாடிக்காரப் பய எங்கயோ போய்ட்டான்னு. நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப? "என் வீட்டுக் கூடம், என் எந்திரம்"னு வயரப் புடுங்கிருப்ப. அதுதான் ஆம்பளைக்கு அழகு. ஆண்ட்ரூ என்ன செஞ்சான் தெரியுமா? "நீயே எழுது, நீயே பாடு"ன்னு தள்ளி நின்னுட்டான். பத்திரிகைக்காரன் அவன வேலவெட்டி இல்லாம மேடையில நின்னு கிதார தடவுற பயன்னு எழுதுனான். வருசக் கணக்கா எழுதுனான். இவன் சிரிச்சுக்கிட்டே அடுத்த ஊருக்குப் பொட்டியக் கட்டுனான். ரோசம்னு ஒண்ணு வேணாமா?

ரெண்டாவது யோசன: காகிதத்த நீட்டுனா வாசிக்காத. வாசிச்சா கை நடுங்கும், கை நடுங்குனா கையெழுத்துக் கோணும்.

இதுல மட்டும் அந்த ரெண்டு பயலுகளும் என் பேச்சக் கேட்டவனுகதான். 1982 மார்ச்சுல இன்னர்விஷன்னு ஒரு புதுக் கம்பெனி. ஆளுக்கு 500 பவுண்டு முன்பணம். பதினெட்டு, பத்தொம்போது வயசுப் பயலுகளுக்கு அது போதாதா? போட்டானுக கையெழுத்த. அந்தக் கம்பெனியே சிபிஎஸ்ங்கிற பெரிய கம்பெனியோட இறுக்கமான ஒப்பந்தத்துல மாட்டிக்கிட்டு இருந்துச்சு. மேல இருந்து சொட்டுனாத்தான் கீழ சிந்தும். நடனக் கூடத்துல போடுற 12 அங்குல இசைத்தட்டு இருக்குல்ல, அது எத்தன வித்தாலும் இவனுகளுக்குப் பங்கே கிடையாது.

1983ல ‘ஃபென்டாஸ்டிக்’னு மொத ஆல்பம். வந்ததும் ஒண்ணாம் நம்பர். ஊரெல்லாம் அரக் கால்சட்டையும் வெள்ளப் பல்லுமா இவனுக படம். மேடையில இறகுப்பந்தக் கால்சட்டைக்குள்ள சொருகி வச்சுக்கிட்டு, அத எடுத்துக் கூட்டத்தப் பாத்து மட்டையால அடிச்சு விடுவானுக. பொம்பளப் பிள்ளைக அதப் பிடிக்க அடிச்சுக்கிடும். அந்தக் கண்றாவிய உங்க பாட்டி பாக்காம போய்ச் சேந்தா. இம்புட்டு ஆட்டம் போட்டும் பையில துட்டு இல்ல. கேஸு, வக்கீலு, கோர்ட்டு. 1984ல ராசியாகி, சிபிஎஸ்ஸோட எபிக் பக்கம் ஒதுங்குனானுக. அப்புறந்தான் இவனுக பெருசாத் துட்டப் பாத்தது.

அதுல ஒரு வேடிக்க கேளு. ஜார்ஜ் பய தனியாளாப் பெரிய மனுசன் ஆன பெறகு சோனிக் கம்பெனி மேல இன்னொரு ஒப்பந்த வழக்குப் போட்டான். 1994ல தோத்தான். ஆக, ஒரு மனுசன் ரெண்டு தடவ ஒப்பந்தத்தால கோர்ட்டுப் படி ஏறியிருக்கான். நீயும் ஏறு. வக்கீல் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போக வேணாமா?

மூணாவது யோசன: ஒண்ணாம் நம்பர்னா என்னன்னு யாரும் விசாரிக்கக் கூடாது. விசாரிச்சா பவுசு கொறஞ்சுபோகும்.

அந்த நாட்டுல அது எப்படி நடந்துச்சு தெரியுமா? மொதல்ல கடைக்காரப் பயலுக எந்தத் தட்டு எத்தன வித்துச்சுன்னு நோட்டுப் புத்தகத்துல கையால எழுதிக் குடுத்தானுக. 1983 சனவரியில கேலப்புங்கிற கம்பெனி வந்து, கணக்குல சேத்த கடைகள்ல சின்னச் சின்ன எந்திரத்த வச்சான். தட்டு விக்க விக்க அதோட எண்ணத் தட்டிவிடணும். ராத்திரி டெலிபோன் கம்பி வழியா அம்புட்டும் பெரிய கம்ப்யூட்டருக்குப் போயிரும். செவ்வாக்கிழம மத்தியானம் பிபிசி ரேடியோ 1ல புதுப் பட்டியல். ஞாயித்துக்கிழம சாயங்காலம் நாப்பது பாட்டையும் கீழ இருந்து மேல வரிசையாப் போடுவானுக. பிள்ளைக டேப் ரெக்கார்டர் பித்தான்ல வெரல வச்சுக்கிட்டு, அறிவிப்பாளன் பேசி முடிக்கிற நொடிக்காகக் காத்துக் கெடக்கும். கொஞ்சம் முந்துனா அவன் பேச்சும் சேந்து பதியும், பிந்துனா பாட்டுத் தலை போயிரும்.

அம்புட்டுதான் ராசா ஒண்ணாம் நம்பர். அது வாரச் சந்தையில அன்னிக்கு எந்தக் கத்தரிக்கா கூட வித்துச்சுங்கிற கணக்கு மாதிரி. ருசி எப்படின்னு அதுல எழுதியிருக்காது. ஒரு வாரம் எவன் தட்டு அதிகம் வித்துச்சோ அவன் மேல. அடுத்த வாரம் வேற ஒருத்தன். இதுல குறுக்கு வழியும் உண்டு. எந்தெந்தக் கடைக கணக்குல சேருதுன்னு மோப்பம் பிடிச்சு, அங்க ஆள விட்டுச் சொந்தத் தட்டச் சொந்தத் துட்டுலயே வாங்குறது. கடைக்காரனுக்கு ஓசியில சாமானக் குடுத்து விக்காததையும் வித்ததா எழுதச் சொல்றது. 1980ல டிவிக்காரனே அத அம்பலமாக்குனான். நீ சோர்ந்துபோகாத. இப்பவும் எண்ணிக்கைய வெலைக்கு விக்கிறவன் இருக்கானாமே, உன் அக்கா சொன்னா. உன் பாட்ட நீயே ஆயிரம் தடவ கேட்டுக்கோ. அதக் கேக்குற தண்டனையும் உனக்கே இருக்கட்டும்.

இப்ப அந்த நாலு பாட்டுக்கு வாறேன். ஆண்ட்ரூ ஒரு நா ராத்திரி வீட்டுல அம்மாவுக்குச் சீட்டு எழுதி வைக்கிறான், காலையில எழுப்பி விடச் சொல்லி. அதுல ‘அப்’ங்கிற சொல்லத் தப்பா ரெண்டு தடவ எழுதிட்டான். சரி, தப்புன்னா ஒழுங்காத் தப்புப் பண்ணுவோம்னு கடைசிச் சொல்லயும் வேணும்னே ரெண்டு தடவ எழுதி வச்சான். ஜார்ஜ் அதப் பாத்தான். நம்ம வீட்டுல அந்தச் சீட்டு அடுப்புப் பத்த வைக்கப் போயிருக்கும். அங்க அது ‘வேக் மீ அப் பிஃபோர் யூ கோ-கோ’ன்னு பாட்டாகி, 1984 ஜூன்ல டுரான் டுரான் குழுவோட ‘தி ரிஃப்ளெக்ஸ்’ஸக் கீழ எறக்கிட்டு ஒண்ணாம் நம்பர் ஆச்சு. வேலவெட்டி இல்லாதவன் செஞ்ச வேலையப் பாத்தியா? தூங்குறதுக்கு முந்தி ஒரு சீட்டு எழுதுனான், அவ்வளவுதான்.

ரெண்டே வாரம். மூணாவது வாரம் ‘ஃப்ரேங்கி கோஸ் டு ஹாலிவுட்’னு லிவர்பூல் பயலுக ‘டூ ட்ரைப்ஸ்’ஸ எறக்குனானுக. வந்த வாரமே உச்சியில ஏறி, ஒன்பது வாரம் எறங்கவே இல்ல. நீயா இருந்தா அந்த ஒன்பது வாரமும் அவனுகளத் திட்டி வீடியோ போட்டிருப்ப. ஜார்ஜ் பய அந்த நேரத்துல ஒரு பழைய பாட்ட எடுத்துத் தூசி தட்டி வெளிய விட்டான். ஆகஸ்ட்டுல ‘டூ ட்ரைப்ஸ்’ எறங்குச்சு. எறக்குனது ‘கேர்லெஸ் விஸ்பர்’.

அந்தப் பாட்டோட கதையக் கேட்டா உனக்கு எரிச்சல்தான் வரும். ஜார்ஜ் இசைத்தட்டு ஓட்டுற டிஜே வேலைக்குப் போய்க்கிட்டு இருந்தப்ப, பஸ்ஸுல வச்சு அந்தச் சாக்ஸபோன் மெட்டு அவன் மனசுல விழுந்துச்சாம். ஆண்ட்ரூவும் சேந்து கட்டுன பாட்டு. 1983ல அமெரிக்காவுல மஸில் ஷோல்ஸ்னு ஒரு ஊருக்குப் போயி, அரீதா ஃபிராங்க்ளினுக்கே பாட்டுப் பதிஞ்ச ஜெர்ரி வெக்ஸ்லர்கிட்ட எடுத்தானுக. பேரு சொன்னா ஊரே எந்திரிச்சு நிக்கிற ஆளு அவரு. இருபது வயசுப் பய கேட்டுப் பாத்துட்டு, "இது சரியில்ல"ன்னு ஒதுக்கி வச்சுட்டான். லண்டனுக்குத் திரும்பி மறுபடி மொதல்ல இருந்து. சாக்ஸபோன் வாசிக்க ஒருத்தன் வந்தான், போனான். இன்னொருத்தன் வந்தான், போனான். வாசிக்கிறவனெல்லாம் கெட்டிக்காரன்தான், ஆனா மனசுல விழுந்த மாதிரி வரலியாம். கடைசியா ஸ்டீவ் கிரெகரின்னு ஒருத்தர் வந்து ஊதுனதுதான் இன்னிக்கு வரைக்கும் ஊரெல்லாம் கேக்குது. இம்புட்டு மெனக்கெடணுமா பேராண்டி? நீ மொத தடவ எடுத்தத அன்னிக்கு ராத்திரியே ஏத்திவிடு. கேக்குறவன் காது, அவன் பாடு.

அதுல பெரிய கூத்து என்னன்னா, இங்கிலாந்துல அந்தத் தட்டு மேல ஜார்ஜ் பேரு மட்டும்தான். ‘வாம்!’னு போடல, அதனால நான் சொன்ன நாலுல அது சேராது. ஆண்ட்ரூ சேந்து கட்டுன பாட்டு, அவன் பேரு எழுதுனவன் பேரா உள்ள பொடி எழுத்துல கெடக்கு. கடல் தாண்டி அமெரிக்காவுல ‘வாம்!’ குழுவோடு ஜார்ஜ் மைக்கேல்னு போட்டானுக. அங்கயும் அது ஒண்ணாம் நம்பர். இப்பச் சொல்லு, யாரு பேரு முன்னாலங்கிறதுக்கு நீயும் உன் சேக்காளியும் அடிச்சுக்கிடுறது எம்புட்டுப் பெரிய விசயம்! அந்த ஆண்ட்ரூ என்னடான்னா பொடி எழுத்தோட சும்மா இருந்துட்டான். பாட்டு எங்க ஒலிச்சாலும் எழுதுனவனுக்குப் பங்கு வருமாம்ல. பொடி எழுத்துக்கும் துட்டு பெரிய எழுத்துலதான் வருது போல. அத நீ கண்டுக்கிடாத. உனக்கு முக்கியம் படம் பெருசா வர்றது.

அக்டோபர்ல ‘ஃப்ரீடம்’ மூணு வாரம். அது எறக்கிவிட்டது ஸ்டீவி வொண்டரோட பாட்ட. அடுத்த வருசக் கடைசியில ‘ஐயம் யுவர் மேன்’ ரெண்டு வாரம். நாலாவத முடிவுல சொல்றேன்.

அதுக்கு முந்தி நாலாவது யோசன: பொறுமையா இருக்கிறவன மேனேஜராப் போடாத. 

இவனுகளுக்கு சைமன் நேப்பியர்-பெல்னு ஒரு மேனேஜர். எமகாதகன். இவனுகள ஒலகம் பூரா பிரபலமாக்க என்ன வழின்னு யோசிச்சான். ஊரு ஊரா வருசக் கணக்காச் சுத்துறதுக்குப் பதிலா, மேற்கத்திய பாப் குழு எதுவுமே ஆடாத சீனாவுல ஒரு தடவ ஆடிட்டா ஒலகப் பத்திரிகை அம்புட்டும் தானா எழுதும்னு கணக்குப் போட்டான். ஒன்றரை வருசம் பீஜிங்குக்குப் போய்ப் போய் அங்க இருக்கிற அதிகாரிகளுக்கு மத்தியானச் சாப்பாடு வாங்கிக் குடுத்தான். சாப்பாடு, சாப்பாடு, சாப்பாடு. வேற ஒண்ணும் கேக்கல.

குயின் குழுவுக்கும் அதே ஆசை. நம்மாளு ரெண்டு விளம்பரப் புத்தகம் அச்சடிச்சான். ஒண்ணுல இவனுக ரெண்டு பேரும் குளிச்சு முழுகிப் பளபளன்னு, நல்ல குடும்பத்துப் பிள்ளைகளா நிக்கிறானுக. இன்னொண்ணுல குயின் குழு. அதுல ஃபிரெட்டி மெர்க்குரி எந்தெந்தப் படத்துல ரொம்ப ஆட்டமா இருக்காரோ அதையெல்லாம் பொறுக்கி வச்சான். ரெண்டையும் அதிகாரிக முன்னால வச்சு, "நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க"ன்னுட்டான். போட்டிக்காரனப் பத்தி ஒரு சொல்லு தப்பாப் பேசல பாத்துக்கோ. அவன் செலவையும் சேத்துத் தானே செஞ்சு, அவனுக்கும் புத்தகம் போட்டுக் குடுத்திருக்கான். இப்படி ஒரு தர்மவான் கெடைப்பானா?

1985 ஏப்ரல் 7. பீஜிங் தொழிலாளர் உள்ளரங்கம். பத்தாயிரத்துக்கு மேல சனம். எந்திரிச்சு ஆடக்கூடாதுன்னு உத்தரவு, காவலுக்குப் போலீசு. டிக்கெட்டோட ஒரு கேசட்டும் குடுத்தானுக. ஒரு பக்கம் இவனுக பாட்டு, மறுபக்கம் அதே பாட்டுகள செங் ஃபாங்யுவான்னு ஒரு சீனப் பாட்டுக்காரி அவங்க பாஷையில பாடுனது. மேடையில இவனுக குதியாக் குதிக்கிறானுக. கீழ முக்காவாசிச் சனம் கைய மடியில வச்சுக்கிட்டுப் பரீட்ச எழுத வந்த பிள்ளைகளாட்டம் அசையாம இருக்கு. கை தட்டுங்கன்னு இவன் தலைக்கு மேல தட்டிக் காட்டுனா, என்ன செய்றதுன்னு தெரியாம பக்கத்து ஆளப் பாக்குது. ஆனா மறுநா ஒலகம் பூரா அதான் சேதி. கொஞ்ச நாள்ல அமெரிக்காவுல பெரிய பெரிய வெளையாட்டு மைதானமாப் பிடிச்சு ஆடுனானுக. 

அஞ்சாவது யோசன: ரெண்டாம் எடம் வந்தா உசுரு போச்சுன்னு வச்சுக்கோ.

1984, ஜார்ஜ் அப்பா அம்மா வீடு. ரெண்டு பேரும் சும்மா உக்காந்து டிவியில பந்தாட்டம் பாத்துக்கிட்டு இருக்கானுக. திடீர்னு ஜார்ஜ் எந்திரிச்சு மாடிக்குப் போனான். ஒரு மணி நேரம் கழிச்சுக் கீழ வந்தப்ப ‘லாஸ்ட் கிறிஸ்மஸ்’ மெட்டு கையில இருந்துச்சு. மார்கழிக் குளிருக்கு உண்டான பாட்ட ஆகஸ்ட் வெயில்ல, அட்விஷன் ஸ்டூடியோவுல எடுத்தானுக. மனசுல குளிரு ஏறணுமேன்னு ஸ்டூடியோ பூரா கிறிஸ்மஸ் தோரணத்தக் கட்டித் தொங்கவிட்டானுக. கீபோர்டு, தாள எந்திரம், குலுக்குற மணி வரைக்கும் அம்புட்டையும் ஜார்ஜே வாசிச்சான். கூலிக்கு ஆளு வச்சா கொறஞ்சா போவான்?

டிசம்பர்ல வெளிய விட்டா, ஒண்ணாம் நம்பர் கெடைக்கல. அஞ்சு வாரம் ரெண்டாம் எடம். ஏன் கெடைக்கலன்னு கேளு. எத்தியோப்பியாப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட, பாப் கெல்டாஃபும் மிட்ஜ் யூரும் பேரெடுத்த பாட்டுக்காரங்க அம்புட்டுப் பேரையும் ஒரே நாள்ல கூட்டி ‘டூ தே நோ இட்ஸ் கிறிஸ்மஸ்?’னு ஒரு பாட்டு எடுத்தாங்க. முப்பது லட்சத்துக்கு மேல வித்த தட்டு. அதுதான் மேல உக்காந்துக்கிட்டு எறங்கல. அதுல பாடுனவங்கள்ல ஒருத்தன் யாரு? நம்ம ஜார்ஜ் பயதான். தன் வழியத் தானே அடச்சான். அடச்சதோட நிக்காம, ‘லாஸ்ட் கிறிஸ்மஸ்’ல வந்த பங்கையும் அந்தப் பஞ்ச நிதிக்கே குடுத்துட்டான். ரெண்டாம் எடத்துல வந்த துட்ட ஒண்ணாம் எடத்துக்காரன்கிட்ட கொண்டுபோய்க் குடுத்த ஆள நீ கேள்விப்பட்டிருக்கியா? நானும் இல்ல. இந்த மாதிரி நல்ல பழக்கமெல்லாம் ஒட்டுவாரொட்டி, பாத்து நடந்துக்கோ.

அந்தப் பாட்டு அப்புறம் என்னாச்சு? ஒண்ணும் ஆகல. வருசா வருசம் டிசம்பர் வந்தா கடைத் தெருவுல ஒலிச்சுக்கிட்டே கெடந்துச்சு. ஜார்ஜ் செத்தது 2016ல, அதுவும் அதே டிசம்பர் 25ஆம் தேதி. அதுக்கு நாலு வருசம் கழிச்சு, 2021 சனவரி 1ஆம் தேதிப் பட்டியல்ல அது ஒண்ணாம் நம்பர் ஆச்சு. முப்பத்தாறு வருசம் நடந்து வந்துருக்கு. அப்புறம் 2023லயும் 2024லயும் அடுத்தடுத்து கிறிஸ்மஸ் வாரத்து ஒண்ணாம் நம்பர். இப்பத் தட்டு வாங்குற கணக்கோட கேக்குற கணக்கும் சேருதுல்ல, அதான். குழு கலைஞ்சு போச்சு, பாடுனவன் போய்ச் சேந்தான், எடம் இப்பத்தான் காலியாச்சு. நீ முப்பத்தாறு நிமிசம் பொறுக்க மாட்டேங்கிற. ஏத்திவிட்டு அரமணி நேரத்துல எத்தன பேரு பாத்தான்னு எண்ணுற. அதுதான் ராசா சுறுசுறுப்பு.

கடைசி யோசன, இதுதான் தலையாயது: உச்சிக்குப் போயிட்டா எறங்கவே எறங்காத. ஊரு கைய நீட்டி எறக்கணும், நீ தூணக் கட்டிப் பிடிச்சுக்கிடணும்.

1986 ஜூன் 28. லண்டன் வெம்ப்ளி மைதானம். 72,000 சனம். எல்டன் ஜான் கோமாளி வேசத்துல வந்து மேடையேறுறாரு. அதே வாரம் பட்டியல்ல ஒண்ணாம் நம்பர் எது? இவனுகளோட ‘தி எட்ஜ் ஆஃப் ஹெவன்’. நாலாவது பாட்டுன்னேன்ல, அதுதான். அந்த மேடைதான் இவனுக கடைசி மேடை. பேரே ‘தி ஃபைனல்’னு போட்டு, முன்கூட்டியே சொல்லி, டிக்கெட்டு வித்து, ஆடிப் பாடிட்டுக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் பிரிஞ்சுட்டானுக. கேஸு இல்ல. வசவு இல்ல. பேரு யாருக்குன்னு பஞ்சாயத்து இல்ல. பத்திரிகைக்காரனுக்கு எம்புட்டு நஷ்டம்!

காரணம் ஒண்ணும் மறைவா இல்ல. ஜார்ஜ் பெரியவங்களுக்கான பாட்டுப் பக்கம் போக ஆசப்பட்டான். சின்னப் பிள்ளைக கூச்சல் போடுற அரக் கால்சட்டைக் குழுவுக்குள்ள இருந்துக்கிட்டு அது முடியாது. ஆண்ட்ரூவுக்கு அது தெரியும். வாம்!ங்கிறது இளவட்டம் ரெண்டு பேரு கூத்தடிக்கிற சங்கதி, இளவட்டம் போனா அதுவும் போகணும்னு அவனுக்கும் தெளிவு இருந்துச்சு. அதனால பிடிச்சு வைக்கல. அடுத்த வருசம் ஜார்ஜ் ‘ஃபெய்த்’ ஆல்பத்தப் போட்டு, 1989ல கிராமி விருதுல அந்த வருசத்து ஆல்பம்னு பேரெடுத்தான். ஆண்ட்ரூ கார்ப் பந்தயம் ஓட்டப் போனான். 1990ல ‘சன் ஆஃப் ஆல்பர்ட்’னு ஒரு ஆல்பம் போட்டான், எடுபடல. சரி, நமக்கு இது ஒத்துவரலன்னு கார்ன்வால் கடலோரத்துல அலை மேல பலகை ஓட்டிக்கிட்டு உக்காந்துட்டான். 1991 சனவரியில ரியோவுல ஜார்ஜ் கச்சேரிக்கு இவனும் மேடையேறிப் பழைய பாட்டுல சேந்துக்கிட்டான். பிரிஞ்சு நாலு வருசத்துக்கு மேல ஆன பெறகும் ஒரே மேடையில சிரிச்சுக்கிட்டு நிக்கிறானுக, வெக்கங்கெட்டவனுக.

ஒண்ணு மட்டும் கேக்கேன், பதில் சொல்ல வேணாம். அந்த ரெண்டு பேருல யாரு கெட்டிக்காரன்? பாடுனவன்தான்னு ஊரே சொல்லும், நானும் சொல்லுவேன். ஆனா பள்ளிக்கூடத்துல கையத் தூக்குனவன், குழு ஆரம்பின்னு இழுத்தவன், "எழுத உனக்குத்தான் வருது, நீ எழுது"ன்னு தள்ளி நின்னவன், நேரம் வந்ததும் "போய்ட்டு வா"ன்னவன், இது நாலும் ஒருத்தனே. தனக்கு எது வராதுன்னு தெரிஞ்சு வச்சிருந்தான் பாரு, அது ஒரு வித்த. அதுக்குப் பட்டியல் போடுற கம்பெனி எந்த நாட்டுலயும் இல்ல. அதனால நீ அந்தப் பக்கம் போகாத, எண்ணிக் காட்ட முடியாத வித்தையால உனக்கு என்ன லாபம்?

என்ன, மொகம் மாறுது? உன் சேக்காளிகிட்டப் பேசலாமான்னு யோசிக்கிறியா? சே, சே, வேணாம். பேசுனா சேந்துருவீக, சேந்தா உக்காந்து பாட்டுக் கட்டுவீக, எவனுக்கு எது நல்லா வருதோ அத அவன் செய்வான். ஒப்பந்தம் வந்தா ரெண்டு பேரும் வாசிச்சுத் தொலைப்பீக. அப்புறம் நான் திண்ணையில உக்காந்து யாருக்கு யோசன சொல்ல? போ, போய் சண்டையத் தொடங்கு. நீ என் பேச்ச எந்தக் காலத்துலயும் கேட்டதில்லங்கிற தைரியத்துலதான் இம்புட்டும் சொன்னேன்.